இருக்கன்குடி வானத்தில் ஒரு கூட்டு ஆய்வகம்!

2024 தை மாதக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட வந்தவர்களே, உங்களுக்கு ஒரு சேதி! நீங்கள் ஆற்று மணலில் கல் கூட்டி அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்த அந்த நாளில், உங்கள் வானத்தில் ஓர் ஆய்வகம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. ஏறத்தாழ நூறு நிமிடத்துக்கு ஒருமுறை மேற்கே எழுந்து கிழக்கே இறங்கியது. காலையில் வந்தது, உச்சி வெயிலில் வந்தது, சாமத்தில் வந்தது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பகலில் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் வந்தது!

இது கணக்கில் விழுகிற உண்மை. போயம்-3 என்ற அந்த ஆய்வகம் ஓடிய உயரம் 350 கிலோமீட்டர். அவ்வளவு உயரத்தில் போகும் பொருள், சுமார் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்பவருக்கும் அடிவானத்தில் தலைகாட்டிவிடும். அதன் பாதையோ நிலநடுக்கோட்டை ஒட்டிய பாதை. இருக்கன்குடி இருப்பது வட அட்சம் 9 பாகையைக் கொஞ்சம் தாண்டி. ஆகவே ஏறக்குறைய ஒவ்வொரு சுற்றிலும் அது அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இந்த ஊரின் அடிவானத்துக்கு மேலே எழுந்தே தீர வேண்டும். அதிகம் போனால் பத்து நிமிடம் வானில் நின்று, பிறகு மறையும். 2024 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கிய இந்த ஓட்டம் மார்ச் 21-ஆம் தேதி வட பசிபிக் கடலுக்கு மேலே முடிந்தது. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை!

அது ஒரு தனி மனிதருடைய கோள் அல்ல. ஓர் அலுவலகத்தின் கோளும் அல்ல. திருவனந்தபுரத்துப் பெண்கள் பொறியியல் கல்லூரி ஒன்று, மும்பைக் கல்லூரி ஒன்று, ஐதராபாத், பெங்களூரு இளம் நிறுவனங்கள், அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகம், இஸ்ரோவின் சொந்த மையம் என்று பலருடைய கருவிகள் ஒரே உடம்பில் பொருத்தப்பட்டு ஒன்றாய்ச் சுற்றிவந்தன. எல்லோருக்கும் மின்சாரம் கொடுத்து, முகம் திருப்பி, கட்டளை அனுப்பி, தகவல் இறக்கிக் கொடுக்க நடுவில் ஓர் ஆபரேட்டர். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆனால் இந்த ஏற்பாட்டின் உள்ளே எட்டிப் பார்த்தால் அடேயப்பா என்று இருக்கிறது!

முதல் ஆச்சரியம், அந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்பதுதான். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு நான்கு அடுக்கு. முதலாவதும் மூன்றாவதும் திட எரிபொருள். இரண்டாவதும் நான்காவதும் திரவ எரிபொருள். முதல் மூன்றும் வழியிலேயே கழன்று விழுந்துவிடும். நான்காவது அடுக்கு மட்டும் கோளைத் தூக்கிக்கொண்டு கடைசிவரை போய், உரிய இடத்தில் இறக்கிவிட்டு, வேலை முடிந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். பல வருஷம் இதைச் செத்த இரும்பாகத்தான் எண்ணியிருந்தார்கள். விண்வெளிக் குப்பையில் இன்னொரு உருப்படி. பிறகு யாரோ சிலருக்கு அந்தக் கேள்வி தோன்றியிருக்கிறது: பல கோடி செலவழித்து மேலே கொண்டுபோன பொருள்தானே, இதிலேயே நாலு கருவியை மாட்டி வேலை வாங்கினால் என்ன? இதைப்போலச் சிக்கனமும் துணிச்சலும் சேர்ந்த யோசனை இந்திய விண்வெளித் துறையில் அதிகம் இல்லை என்பது என் கருத்து.

இந்த நான்காம் அடுக்கு நமக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்பது இன்னும் பெரிய சந்தோஷம். சாத்தூரில் நான்குவழிச் சாலையைப் பிடித்துத் தெற்கே போங்கள். கோவில்பட்டி, திருநெல்வேலி, நாங்குநேரி எல்லாம் தாண்டினால் மேற்கே மலை நெருங்கிவரும். அங்கேதான் மகேந்திரகிரி. இஸ்ரோவின் திரவ எஞ்சின்களை ஓட்டிப் பார்க்கிற இடம். நான்காம் அடுக்கின் இரட்டை எஞ்சின்கள் அந்த மலையடிவாரத்தில் முழங்கிவிட்டுத்தான் ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் பயணம் போகும். நம்ம ஊர் காற்று வாங்கிய எஞ்சின் அது!

சரி, இந்த அடுக்கைச் சுற்றுப்பாதை மேடையாக முதன்முதலில் பயன்படுத்தியது யாருடைய கருவி? சென்னைப் பிள்ளைகளுடையது! ஸ்ரீமதி கேசன் தொடங்கிய ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் கலாம்சாட்-வி2. எடை 1.26 கிலோ. 2019 ஜனவரி 24-ஆம் தேதி இரவு 11:37-க்குப் பி.எஸ்.எல்.வி. சி-44 கிளம்பியது. முக்கியக் கோளான மைக்ரோசாட்-ஆர் இறங்கிக்கொண்டது. நான்காம் அடுக்கு மறுபடி எஞ்சினை ஏற்றி, சுமார் 450 கிலோமீட்டர் உயரத்துக்குப் போனது. கலாம்சாட் கழன்று பிரியவே இல்லை. அடுக்கோடு ஒட்டியபடியே வேலை செய்தது.  செத்த இரும்புக்கு உயிர் வந்த ராத்திரி அது.

அடுத்தது சி-45, அதே ஆண்டு ஏப்ரல் 1. இந்தத் தடவை மூன்று கருவிகள். அடுக்குக்கு முதன்முறையாகச் சூரியத் தகடு. ஹாம் ரேடியோ ஆர்வலர்களின் கருவி ஒன்றும் அதில் போனது. 2022 ஜூன் 30-இல் சி-53 பறந்தபோது ஏற்பாடு முழு வடிவத்துக்கு வந்துவிட்டது. போயம்-1 என்று பெயர். ஆறு கருவிகள். முன்பெல்லாம் அடுக்கு தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு நிலைத்திருந்தது. இப்போது சுழலாமல், சொன்ன திசையில் முகம் வைத்து நிற்கக் கற்றுக்கொண்டது. டாங்கியைச் சுற்றிச் சூரியத் தகடு, உள்ளே லித்தியம் அயனி பேட்டரி. சூரியன் எங்கே என்று பார்க்க நான்கு உணரிகள், பூமியின் காந்தப் புலத்தை அளக்க ஒரு மானி, ஜைரோக்கள், இடம் அறிய நம் நாட்டின் நாவிக். திரும்புவதற்கு ஹீலியம் வாயுவைப் பீய்ச்சும் சின்னக் குழல்கள். தரையிலிருந்து கட்டளை வாங்கும் வசதி. தலை, கண், காது, கை எல்லாம் முளைத்துவிட்டது!

இப்போது திரைக்குப் பின்னால் போவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

உங்களிடம் ஒரு கருவி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்வெளிக் கதிர்வீச்சை அளப்பது, அல்லது புதுப் பூச்சு ஒன்று அங்கே தாங்குமா என்று பார்ப்பது. முழுக் கோள் கட்ட உங்களால் முடியாது. கோள் என்றால் மின்சாரம், பேட்டரி, கணினி, ரேடியோ, திசை திருப்பும் கருவி, தரை நிலையம், உரிமம் எல்லாமே வேண்டும். உங்கள் கருவி ஒரு கிலோ என்றால் அதைச் சுமக்க இன்னும் பல கிலோ. அந்தப் பல கிலோவைத்தான் ஆபரேட்டர் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார். நீங்கள் அந்த ஒரு கிலோவை மட்டும் ஒழுங்காய்ச் செய்தால் போதும்.

சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே ஆப்செட் அச்சகத்தில் சின்னச் சின்ன ஆர்டர்களைத் தனித்தனியாக ஓட்டினால் யாருக்கும் கட்டுப்படியாகாது. அதனால் ஒரு கடையின் லேபிள், இன்னொருவரின் விசிட்டிங் கார்டு, வேறொருவரின் அட்டைப்பெட்டி மடிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே பெரிய தாளில் நெருக்கி அடுக்குவார்கள். ஒரே பிளேட், ஒரே மை, ஒரே ஓட்டம். அச்சானதும் கட்டிங் மெஷினில் பிரித்து அவரவர் பொட்டலத்தை அவரவரிடம் கொடுத்துவிடுவார்கள். பிளேட்டுச் செலவு எல்லோருக்கும் பங்காகிவிடும். தாளில் எந்த மூலையில் யாரை வைப்பது, யாருடைய நிறம் யாருடையதைக் கெடுக்காது என்று பார்க்கிறவர்தான் அந்த அச்சகத்தின் மூளை. வானத்தில் ஆபரேட்டர் செய்வதும் அச்சு அசல் அதே வேலை.

அவர் முதலில் உங்களிடம் கேட்பது கருவியின் பெருமையை அல்ல. எத்தனை கிராம்? எந்த இடத்தில் எத்தனை திருகு? எத்தனை வோல்ட், எத்தனை வாட்? ஒரு நாளைக்கு எவ்வளவு தகவல் கீழே இறக்க வேண்டும்? சூடு எவ்வளவு கக்கும்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும். போயம்-3-இல் போன அகமதாபாத் ஆய்வகத்தின் தூசி அளக்கும் கருவி 3 கிலோ, 4.5 வாட். பூமியைச் சுற்றி அதிவேகமாகப் பாயும் நுண்தூசி வந்து மோதுவதைக் கேட்கிற காது அது! அவ்வளவு பெரிய கேள்விக்கு 4.5 வாட் போதும் என்பதை எண்ணும்போது எனக்குக் கைதட்டத் தோன்றுகிறது.

வாட் கணக்கு ஏன் அவ்வளவு முக்கியம்? 350 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்று சுமார் 91 நிமிடம் (பூமியும் கூடவே சுழல்வதால் நம் ஊர் வானத்துக்குத் திரும்பி வர ஏறத்தாழ நூறு). அந்த 91-இல் 36 நிமிடம் போலப் பூமியின் நிழலில் இருட்டு. அந்த நேரம் முழுக்கப் பேட்டரிதான் கதி. எல்லோரும் ஒரே நேரத்தில் கருவியைப் போட்டால் பேட்டரி படுத்துவிடும். எனவே முறை வைக்க வேண்டும். இந்தச் சுற்றில் உனக்கு, அடுத்த சுற்றில் அவனுக்கு. ஒரு கருவி சூரியனைப் பார்க்க ஆசைப்படும். இன்னொன்று பூமியைப் பார்க்க வேண்டும் என்று நிற்கும். ஒன்று குளிரைத் தாங்காது. ஒன்றின் ரேடியோ அலை மற்றொன்றின் காதில் இரைச்சலாய் விழும். ஒருவர் குட்டி எஞ்சினைச் சோதித்துப் பார்க்க நினைத்தால், அந்த உதை மொத்த மேடையையும் அசைக்கும். இத்தனை பேரையும் சண்டையில்லாமல் ஓட்டுவதற்கு நிமிட நிமிடமாக ஓர் அட்டவணை போட்டு, அதைக் கட்டளையாக மேலே ஏற்றுகிறார்கள். தரை நிலையம் ஒன்றுக்கு அது கண்ணில் படுவது சுற்றுக்குப் பத்து நிமிடத்துக்குள். அதற்குள் கட்டளையும் ஏற வேண்டும், தகவலும் இறங்க வேண்டும். பெங்களூரில் உள்ள இஸ்ட்ராக் மையத்தின் தரை நிலையங்கள் கைமாற்றிக் கைமாற்றி அதைத் தொடர்கின்றன. மேடையை வடிவமைத்தது திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். வெளியார் கருவிகளுக்கு அனுமதி தந்து உள்ளே சேர்ப்பது அகமதாபாத்தில் உள்ள இன்-ஸ்பேஸ். மூன்று ஊர், ஒரே ஓட்டம்.

ஏறுவதற்கு முன் கருவியைப் படாத பாடு படுத்துவார்கள். ராக்கெட் குலுக்கும் அளவுக்குக் குலுக்குவார்கள். காற்றை உறிஞ்சிய அறையில் வைத்துச் சுடுவார்கள், உறைய வைப்பார்கள். உங்கள் கருவி கெட்டுப்போனால் அது உங்கள் பாடு. ஆனால் உங்கள் கருவியிலிருந்து ஒரு திருகு கழன்று முக்கியக் கோளின் மேல் விழுந்தால் அது எல்லோருடைய பாடும். கூட்டாகப் போவதில் உள்ள கண்டிப்பு இது. இந்தக் கண்டிப்பை நான் மனதார மதிக்கிறேன். பட்டாசு ஆலையில் ஒருவர் செய்யும் சின்னப் பிசகு பக்கத்து அறையையும் பதம்பார்க்கும் என்று அறிந்த ஊர்க்காரர்களுக்கு இது ஏன் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி போயம்-4! 2024 டிசம்பர் 30, இரவு பத்து மணி. சி-60 ராக்கெட், ஸ்பேடெக்ஸ் என்ற இரட்டைக் கோள்களை 475 கிலோமீட்டரில் இறக்கிவிட்டது. அவை பிற்பாடு ஒன்றோடொன்று இணைந்து பெரும் பெயர் வாங்கின. எல்லோரும் அவற்றையே பார்த்துக்கொண்டிருக்க, நான்காம் அடுக்கு சத்தமில்லாமல் 350 கிலோமீட்டருக்கு இறங்கித் தன் வேலையைத் தொடங்கியது. இந்தத் தடவை 24 கருவிகள்! இஸ்ரோ மையங்களுடையவை 14, தனியாருடையவையும் கல்லூரிகளுடையவையும் 10. போயம்-1-இன் ஆறிலிருந்து இரண்டரை ஆண்டில் நான்கு மடங்கு!

அந்த 24-இல் என் நெஞ்சைப் பறித்தது தட்டப்பயறு. ஆமாம், நம்ம கரிசல் காட்டில் ஊடுபயிராய்ப் போடுகிற அதே தட்டப்பயறு! மூடிய பெட்டி, இதமான வெப்பம், எட்டு விதைகள். எடையே இல்லாத இடத்தில் வேருக்குக் கீழே எது, தண்டுக்கு மேலே எது? பயறுக்கு அந்தக் குழப்பம் எல்லாம் இல்லை. நான்கே நாளில் முளைத்துவிட்டது! பிறகு இலையும் விட்டது. கேமரா எடுத்த படத்தில் அந்த வெளிர்பச்சை இலையைப் பார்த்தபோது, மானாவாரிக் காட்டில் முதல் மழைக்கு அடுத்த வாரம் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அதே மேடையில் ஒரு ரோபோ கை நடந்தது. ஏழு மூட்டு; கம்பளிப்பூச்சியைப் போல ஒரு முனையை ஊன்றி மறு முனையைத் தூக்கி வைத்து இடம் மாறும். இஸ்ரோவின் திருவனந்தபுரத்து நிலைமப் பிரிவு செய்தது. இன்னொரு கை, விண்வெளிக் குப்பையைப் பிடிக்கப் பழகியது. குப்பையாக இருந்திருக்க வேண்டிய ஓர் அடுக்கின் மேல் உட்கார்ந்து குப்பை பிடிக்கப் பழகுவது எவ்வளவு பொருத்தம்! மும்பை அமிட்டி பல்கலைக்கழகம் பசலைக்கீரைத் திசுவை அனுப்பியது. பெங்களூரு ஆர்.வி. கல்லூரி, குடலில் வாழும் நுண்ணுயிரை அனுப்பியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த கேலக்ஸ்ஐ நிறுவனம், மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும் ரேடாருக்கான கருவியைச் சோதித்தது.

ஐதராபாத்தின் டேக்மீடுஸ்பேஸ் செய்தது இன்னொரு படி மேலே. அவர்கள் அனுப்பியது ஒரு கணினி. தரையில் இருக்கும் ஒருவர் தன் செயற்கை நுண்ணறிவு நிரலை அனுப்பி வைத்தால், அது அங்கே மேலேயே ஓடும். கருவிகூட உங்களுடையதாக இருக்கத் தேவையில்லை. நிரல் மட்டும் உங்களுடையது! இங்கே அந்த இளம் நிறுவனமே ஓர் ஆபரேட்டராக மாறுகிறது. இஸ்ரோவின் மேடையில் இவர் ஒரு பயனர். இவருடைய கணினியில் இன்னும் பலர் பயனர்கள். பங்குக்குள் பங்கு! 2025 ஏப்ரல் 4-ஆம் தேதி போயம்-4 இந்தியப் பெருங்கடலுக்கு மேலே வளிமண்டலத்தில் நுழைந்து முடிந்தது. வானத்தில் குப்பை மிச்சம் இல்லை.

ஒரு கோளைப் பலர் பகிர்வது நமக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1983 ஆகஸ்டில் சேலஞ்சர் விண்ணோடத்தில் ஏறிப்போன இன்சாட்-1பி ஒன்றே தொலைபேசிக்கும், தூர்தர்ஷனுக்கும், வானொலிக்கும், வானிலைத் துறைக்கும் உழைத்தது. நான்கு துறைகளும் விண்வெளித் துறையும் சேர்ந்து நடத்திய குடும்பம். நம் வீட்டில் புயல் படம் பார்த்ததும் அதனால், வெளியூர் போன் கிடைத்ததும் அதனால். விமானங்களுக்கு இடம் துல்லியமாகச் சொல்லும் ககன் கருவியும் ஜிசாட்-8, ஜிசாட்-10 என்ற தொலைத்தொடர்புக் கோள்களின் மேல் ஏறித்தான் விண்ணுக்குப் போனது. வெளிநாட்டில் லாஃப்ட் ஆர்பிட்டல் என்ற நிறுவனம் இதையே முழுநேரத் தொழிலாக்கியது. கோளின் உடம்பை வாங்கி, பலருடைய கருவிகளைப் பொருத்தி, தானே ஓட்டிக் கொடுப்பது. 2021 ஜூனில் அவர்களுடைய முதல் இரண்டு கோள்கள் போயின. ஆனால் அன்று துறைகளுக்கும் பெரிய பணக்காரர்களுக்கும் இருந்த வாசல் இன்று பள்ளிக்கூடத்துக்கும் திறந்திருக்கிறதே, அதுதான் என்னைத் துள்ளவைக்கிறது.

பள்ளிக்கூடம் என்று சும்மா சொல்லவில்லை. விருதுநகரிலிருந்து மதுரை போகும் வழியில் திருமங்கலம் வருகிறதே, அங்கே உள்ள அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகள் செய்த கருவி ராக்கெட்டில் ஏறியது! சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டுக்காக ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஆசாதிசாட் என்ற கோளைத் திட்டமிட்டது. நாடு முழுக்க 75 பள்ளி, 750 மாணவிகள், 75 கருவிகள். ஒவ்வொரு கருவியும் ஏறத்தாழ 50 கிராம். எல்லாம் சேர்ந்து 8 கிலோ கோளில் பாதி எடைகூட வராது. மீதி எடை முழுக்க, அந்த 75 கருவிகளையும் உயிரோடு வைத்திருக்கும் பொது வசதிதான். 50 கிராம் என்பது ஒரு பிள்ளையின் உள்ளங்கையில் அடங்கும் சர்க்யூட் பலகை. அதற்கு நிரல் எழுதி, சோதித்து, அது சரியாக எண்ணைக் காட்டும்போது ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் முகம் எப்படி மலர்ந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

2022 ஆகஸ்ட் 7, காலை 9:18. எஸ்.எஸ்.எல்.வி. என்ற புது ராக்கெட்டின் முதல் பயணம். கிளம்பியது, ஏறியது, எல்லா அடுக்கும் எரிந்தன. ஆனால் இரண்டாம் அடுக்கு பிரிந்த கணத்தில் வந்த அதிர்வில் முடுக்கம் அளக்கும் உணரிகள் தடுமாற, ராக்கெட்டின் கணினி அவற்றை நம்பாமல் மாற்று வழிக்குப் போய்விட்டது. வேகம் கொஞ்சம் குறைந்தது. 356 கிலோமீட்டர் வட்டப் பாதையில் நிற்க வேண்டிய கோள், ஒரு பக்கம் 76 கிலோமீட்டர்வரை தாழ்ந்த பாதையில் போய் நிற்க முடியாமல் விழுந்தது. 75 பள்ளியின் உழைப்பும் ஒரே நொடியில் போயிற்று. பகிர்ந்து போவதில் இந்த வலியும் உண்டு. இழப்பும் எல்லோருக்கும் பங்கு.

விட்டார்களா? ஆறே மாதம்! 2023 பிப்ரவரி 10, அதே 9:18. ஆசாதிசாட்-2, எடை 8.7 கிலோ, 450 கிலோமீட்டர் உயரத்தில் பத்திரமாய் இறங்கியது. கூடவே வந்தது அமெரிக்காவின் அன்டாரிஸ் நிறுவனத்தின் ஜானஸ்-1. அதுவும் பலருடைய கருவிகளை ஒரே மென்பொருளால் ஓட்டிக் காட்டப் பிறந்த கோள். ஒரே ராக்கெட்டில் இரண்டு கூட்டுக் கோள்கள்! இந்தியாவின் புதிய ராக்கெட் பெற்ற முதல் வெற்றியில் அரசுப் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு என்பதை எந்தப் பாடப்புத்தகத்திலும் எட்டுப் பத்தி ஒதுக்கி எழுதலாம்.

அந்த எஸ்.எஸ்.எல்.வி. இனி எங்கிருந்து கிளம்பப்போகிறது தெரியுமா? தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினம்! 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே ஒரு சிறிய ரோகிணி ராக்கெட்டும் அங்கிருந்து பறந்து காட்டியது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட், இலங்கைக்கு மேலே பறக்காமல் இருக்க வளைந்து போயாக வேண்டும். அந்த வளைவு எரிபொருளைத் தின்னும். சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய செலவு. குலசையிலிருந்தோ நேரே தெற்கே கடல், வளையவே வேண்டாம். மிச்சமாகும் எரிபொருளால் கூடுதல் எடையைத் தூக்கலாம். இன்னும் சில 50 கிராம்கள்! ஆடி மாதம் இருக்கன்குடிக்கும், புரட்டாசியில் குலசை முத்தாரம்மனுக்கும் போய்வருகிற எத்தனையோ குடும்பங்கள் நம் பக்கம் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏவுதளம் இனி பஸ்ஸில் போய்வரும் தூரம்.

நம் விருதுநகர் மாவட்டத்தில் பொறியியல் படிப்புக்குக் குறைவே இல்லை. சிவகாசிப் பக்கம் மெப்கோ ஷ்லெங்க், கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம், விருதுநகர்ப் பக்கம் காமராஜ் பொறியியல் கல்லூரி. திருவனந்தபுரத்துப் பெண்கள் கல்லூரி செய்ததை இவற்றால் செய்ய முடியாதா? அவர்கள் புற ஊதாக் கதிரை அளக்கக் கருவி அனுப்பினார்கள். நாம் என்ன அனுப்பலாம் என்று எனக்கு ஓர் ஆசை இருக்கிறது.

விருதுநகர் மாவட்டம் கண்மாய்களின் மாவட்டம். மழை பெய்தால் எந்தக் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிய இன்னமும் யாராவது நேரில் போய்ப் பார்த்து வர வேண்டும். இருக்கன்குடி அணையில் தண்ணீர் வந்தால் அதன் கீழே வைப்பாற்றுக் கரை ஊர்கள் எல்லாம் காத்திருக்கும். செல்போன் கோபுரம் எட்டாத மூலைகளும் உண்டு. கண்மாய்க் கரையில் ஓர் அளவுக் கம்பம், அதில் ஒரு நீர்மட்ட உணரி, ஒரு சின்ன சூரியத் தகடு, லோரா என்ற குறைந்த மின்சார ரேடியோ. ஆசாதிசாட்-2 மேலே கொண்டுபோன ரேடியோவும் இந்த லோராவே. கோள் மேலே கடக்கும்போது கம்பம் தன் அளவைச் சொல்லும். கோள் வாங்கி வைத்துக்கொண்டு தரை நிலையத்தில் இறக்கிவிடும். கோளில் இதற்குத் தேவை உள்ளங்கை அளவு ரேடியோப் பலகையும் ஓர் ஆன்டெனாவும்.

ஆபரேட்டர் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்த்தேன். எடை, சில நூறு கிராம். மின்சாரம், கேட்கும் நேரத்தில் மட்டும் ஒரு வாட்டை ஒட்டி. தகவல்? கண்மாய்க்கு ஓர் எண், நீர்மட்டம், தேதி, நேரம், பேட்டரி நிலை எல்லாவற்றையும் சேர்த்தாலும் 20 பைட்டுக்குள் அடங்கிவிடும். நூறு கண்மாய் என்றாலும் 2,000 பைட். நொடிக்கு ஆயிரம் பிட் என்ற நிதானமான வேகத்தில்கூட 16 நொடி போதும். கோள் நம் வானத்தில் நிற்பதோ பல நிமிடம். மிச்ச நேரத்தை ராமநாதபுரத்துக் கண்மாய்களுக்குக் கொடுத்துவிடலாம்!